ஓய்வும் ஓர் அறமே

வாழ வந்த ஊரில் குளிரால் நடுங்கி, மனைவியை எண்ணி ஏங்கிய ஓர் ஏழைப் புலவர், வானில் பறந்த நாரையை விளித்துத் தூது அனுப்பிய செய்தியைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் படித்திருக்கிறோம். சத்திமுத்தப் புலவர் என வழங்கப்படும் அவர் கண்ட நாரை தனித்துப் பறக்கவில்லை. பெடையையும் உடன் அழைத்துக்கொண்டு தென்கோடிக் குமரித்துறையில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் பறவையாகவே அவர் அதனைக் காண்கிறார். பறவை துணையோடு இருக்கிறது. மனிதனோ துணையைப் பிரிந்து நிற்கிறான். அப்பாடலின் துயரம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது எனலாம்.

வடபுலத்தில் வாழும் தமிழராகிய நமக்கு அப்புலவரின் குளிர் புதிதன்று. தில்லியில் தை மாதக் காலைகளில் வெப்பநிலை 4 அல்லது 5 பாகைக்கு இறங்குவது வழக்கம். மூடுபனியில் எதிர்வீட்டு வாசல் தெரிவதில்லை; காற்றில் கலந்த புகை நெஞ்சை அடைக்கிறது. அதே நாட்களில் குமரிமுனையின் விடியற்காலை ஏறத்தாழ 22, 23 பாகையில் இதமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் வெளுத்து, கடற்காற்று உடலுக்கு இனிமை தரும் பருவம் அது. இவ்விரு கோடிகளுக்குமிடையே ஆண்டுதோறும் போய்வரும் முதிய இணையர் இருவரை நான் அறிவேன். அவர்களால் என்னுள் எழுந்த ஓர் அறக்கேள்வியை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்ணாச்சியும் மதினியும்

அவரை எங்கள் பகுதித் தமிழர் அனைவரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். அவருடைய துணைவியார் எங்களுக்கு மதினி. அண்ணாச்சி நெல்லைச் சீமையிலிருந்து 1979இல் கீழ்நிலை எழுத்தராகத் தில்லிக்கு வந்தவர். 37 ஆண்டுகள் நடுவண் அரசின் கோப்புகளோடு வாழ்ந்து, பிரிவு அலுவலராக 2016இல் ஓய்வு பெற்றார். அன்று அலுவலகத்தில் மாலை அணிவித்தார்கள், சால்வை போர்த்தினார்கள், நான்கு பேர் இந்தியிலும் ஒருவர் ஆங்கிலத்திலும் பாராட்டிப் பேசினார்கள். இப்போது இராமகிருஷ்ணபுரத்தை அடுத்த பகுதியில் மகன் வீட்டில் வாழ்கிறார்.

அரசுப் பணியிலிருப்போருக்குப் பயணச் சலுகை ஒன்று உண்டு என்பதை நம்மவர் நன்கறிவர். நான்காண்டுத் தொகுதி ஒன்றில் சொந்த ஊருக்கு இருமுறை செல்லலாம். அவ்விரண்டில் ஒன்றை இந்தியாவின் வேறு எப்பகுதிக்கேனும் மாற்றிக்கொள்ளலாம். சொந்த ஊர் எதுவெனப் பணிப்பதிவேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் எளிதில் மாற்ற இயலாது. பணிக்காலம் முழுவதிலும் தக்க காரணம் காட்டி ஒரே ஒருமுறை மாற்ற இடமுண்டு. அண்ணாச்சி கிடைத்த சலுகைகள் அனைத்தையும் சொந்த ஊருக்கே பயன்படுத்தினார். தங்கையின் திருமணம், தந்தையின் ஈமக்கடன், தம்பியோடு பாகப்பிரிவினை, மகளுக்குக் காதுகுத்து, தாயின் இறுதி நாட்கள் என்று ஒவ்வொரு பயணத்திற்கும் ஒரு கடமை இருந்தது. ஊரிலிருந்து திருச்செந்தூர்க் கடல் பேருந்தில் போய்வரும் தொலைவுதான். ஆயினும் அந்த 37 ஆண்டுகளில் கரையில் அமர்ந்து அலையை நோக்கிய பொழுது ஒன்றேனும் தமக்கு நினைவில்லை என்று அவர் ஒருமுறை கூறினார்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு முதல், மார்கழி பாதி கழிந்ததும், அவரும் மதினியும் நிசாமுதீன் நிலையத்தில் திருக்குறள் விரைவு வண்டி ஏறிக் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர்ப் பயணம். பெருந்தொற்றுக் காலத்தில் மட்டுமே இடையில் தடைபட்டது. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களுக்கான புகைவண்டிக் கட்டணச் சலுகை நிறுத்தப்பட்ட பின்னரும், முழுக் கட்டணம் செலுத்தி அவர்கள் போகத்தான் செய்தார்கள். குமரியில் எளிய விடுதி அறையொன்றை நாற்பது நாளுக்குப் பேசிக்கொள்வார்கள். அங்கிருந்து நாளுக்கொரு கரை: ஒருநாள் முட்டம்; ஒருநாள் உவரி; ஒருநாள் மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணப்பாடு; ஒருநாள் கடலருகிலேயே நன்னீர் சுரக்கும் நாழிக்கிணறு உள்ள திருச்செந்தூர்; ஒருநாள் தூத்துக்குடி உப்பளங்கள். நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிர்க்குக் கட்டணமில்லை. "அரசாங்கம் உங்க மதினியைத்தான் அழைச்சிட்டுப் போகுது, நான் அவளுக்குத் துணைக்குப் போறேன்" என்று அண்ணாச்சி நகைப்பார். மாசி பிறந்து தில்லியில் வெயில் தலைகாட்டும்போது இருவரும் திரும்பி வருவார்கள்.

ஊரார் கூறிய குறை

ஒரு முதிய இணையர் கடலோரம் உலவிவிட்டு வருவதில் எவருக்கு என்ன இழப்பு என்று வாசகர் வினவலாம். எங்கள் குடியிருப்பில் இழப்பைக் கணக்கிட்டவர்கள் பலர். அவர்களில் நானும் ஒருவன். உரத்த குரலில் பேசியவனும் நானே.

முதற்குறை குடும்பக் கடமை பற்றியது. அண்ணாச்சியின் மகனும் மருமகளும் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். தில்லிப் பள்ளிகளில் குளிர்கால விடுமுறை சனவரி முதற்பாதியில் வருகிறது. பேத்தி வீட்டிலிருக்கும் நாட்கள் பார்த்துத் தாத்தாவும் பாட்டியும் கிளம்பிவிட்டால் குழந்தையை யார் பார்ப்பது? இரண்டாம் குறை செலவு பற்றியது. ஓய்வூதியத்தை இப்படிக் கடற்கரையில் கரைப்பதற்குப் பதிலாகப் பேத்தியின் படிப்புக்குச் சேர்த்து வைக்கலாகாதா? மூன்றாம் குறை நோக்கத்தைப் பற்றியது. இந்த வயதில் போவதென்றால் காசிக்கும் இராமேசுவரத்துக்கும் அல்லவா போகவேண்டும்? வெறுமனே கடல் பார்க்கப் போவது சிறுபிள்ளைத்தனமன்றோ?

இம்மூன்றாம் குறையை நான் பின்னர் எண்ணிப் பார்த்தபோது எனக்கே நாணம் உண்டாயிற்று. அதே இருவர் அதே வண்டியில் ஏறி, "தீர்த்தமாடப் போகிறோம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நாங்கள் நிலையம் வரை சென்று வழியனுப்பித் திருநீறு கேட்டிருப்போம். "மூச்சு முட்டுகிறது, மருத்துவர் போகச் சொன்னார்" என்றிருந்தால் பரிவு காட்டியிருப்போம். வழிபாடாகவோ மருந்தாகவோ வரும் இன்பத்தை நாம் மன்னிக்கிறோம். இன்பம் தன் பெயரோடு வந்தால் மட்டும் வாசலில் நிறுத்தி விசாரிக்கிறோம். அண்ணாச்சி இதனை அறியாதவர் அல்லர். "கோயிலுக்கும் போவோம், தம்பி. ஆனா கோயிலுக்காகப் போறோம்னு சொன்னா அது பொய். கடலைப் பார்க்கத்தான் போறோம். அறுபது வயசுக்கு மேல எதுக்குப் பொய் சொல்லணும்?" என்பது அவர் மறுமொழி.

நூலைத் துணைக்கழைத்தேன்

இளங்கலை வகுப்பில் தமிழ் இலக்கியம் பயின்றவன் என்ற செருக்கு எனக்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகைத் திருநாளன்று, மலைமந்திர் படிகளின் கீழே, அச்செருக்கோடு அண்ணாச்சியிடம் வாதிட்டேன். தொல்காப்பியர் கற்பியலில் இல்லறத்தின் இறுதிப் பகுதியைக் குறித்துப் பேசுகிறார். இன்பம் நிறைந்து முதிர்ந்த காலத்தில், தலைவனும் தலைவியும் மக்களும் சுற்றமும் சூழ வாழ்ந்து மேலானவற்றில் பழகுவதே கடந்த வாழ்வின் பயன் என்பது அந்நூற்பாவின் கருத்து. "மக்களோடு கூடியிருப்பதை அன்றோ தொல்காப்பியர் சொல்கிறார்? நீங்கள் மக்களைவிட்டுக் கடற்கரைக்குப் போவது எங்ஙனம் பொருந்தும்?" என்றேன்.

அண்ணாச்சி சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "மேலானதுன்னு சொன்னாரே, எது மேலானதுன்னு பட்டியல் போட்டிருக்காரா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "தலைவனும் தலைவியும்னு ரெண்டு பேரையும் சேர்த்துத்தானே சொல்றார்? தலைவன் மட்டும் பழகினாப் போதும்னு இல்லையே?" என்றார். "இல்லை" என்றேன். அதன்பின் அவர் கூறியதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

"தம்பி, எனக்கு ஓய்வு வந்த அன்னைக்கு ராத்திரி மாலையோட வீட்டுக்கு வந்தேன். உங்க மதினி அந்த மாலையை வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டுட்டு, அடுப்பங்கரைக்குப் போயிட்டா. மறுநாள் காலையில எனக்கு எழுந்திருக்க வேலை இல்லை. அவ எப்போதும்போல அஞ்சு மணிக்கு எழுந்தா. எனக்கு அறுபது வயசுல உத்தரவு வந்துடுச்சு. அவளுக்கு யார் உத்தரவு போடுவாங்க? மகன் போடமாட்டான், அவனுக்கு அது தோணாது. மருமக பாவம், போட நினைச்சாலும் முடியாது. அதனால வருஷத்துக்கு நாற்பது நாள் நான் போடுறேன். அந்த நாற்பது நாளும் அவ அடுப்பு பத்தவைக்கிறது இல்லை. மெஸ்ஸில சாப்பிடுறோம். கடல் எனக்கு ஒரு சாக்கு."

பதிலாள் வரும்வரை

அலுவலக வாழ்வில் நாம் அடிக்கடி காணும் குறிப்பு ஒன்றுண்டு. ஓர் எழுத்தர் இடமாற்றம் பெற்றுச் செல்ல விரும்பினால், "பதிலாள் பணியில் சேர்ந்தபின் விடுவிக்கப்படுவார்" என்று மேலதிகாரி எழுதுவார். பதிலாள் வரமாட்டார், எழுத்தரும் விடுபடமாட்டார். கோப்பில் எவரும் மறுத்ததாகப் பதிவில்லை. ஆயினும் அவர் அதே நாற்காலியில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பார். நான் அத்தகைய குறிப்புகளைக் கண்டு பலமுறை உள்ளம் கொதித்திருக்கிறேன்.

அண்ணாச்சியின் சொற்களைக் கேட்டு வீடு திரும்பிய அன்றிரவு, என் வீட்டிலேயே அக்குறிப்பு எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். என் தந்தையார் மறைந்தபின், எங்கள் மூத்த குழந்தை பிறந்த ஆண்டில், தாயாரைத் தில்லிக்கு அழைத்து வந்தோம். "ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம்" என்பதே அன்று பேச்சு. நானும் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். ஆறு மாதம் பதினோர் ஆண்டுகளாயிற்று. முதற்குழந்தை பள்ளிக்குச் சென்றதும் இரண்டாவது பிறந்தது. முழங்கால் வலியோடு மாடிப்படி இறங்கிப் பள்ளி வண்டிக்காகக் காத்து நிற்பவர் அவரே. பனிக்காலத்தில் விரல்கள் மரத்துப்போகத் தண்ணீரில் கை வைப்பவரும் அவரே. அவரை நாங்கள் வருத்தியதில்லை. கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. மாதாமாதம் மருந்து வாங்கித் தருகிறோம். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விடுவிப்பு ஆணை மட்டும் எழுதப்படவே இல்லை.

என் தாயார் விருதுநகர் வட்டாரத்துக் கரிசல் காட்டில் பிறந்தவர். கடலை அவர் ஒரே ஒருமுறை கண்டிருக்கிறார். தந்தையாரின் எலும்பைக் கரைக்க இராமேசுவரம் அக்கினி தீர்த்தத்திற்குச் சென்ற நாள் அது. ஒருநாள் தொலைக்காட்சியில் அலைகள் காட்டப்பட்டபோது, "நீதான் கடலைப் பார்த்திருக்கிறாயே, அம்மா" என்றேன். "அன்னைக்கு நான் கடலையாப்பா பார்த்தேன்?" என்றார். நான் அதற்கு விடை கூறவில்லை. அண்ணாச்சியும் மதினியும் இருமுறை தாமாகவே வந்து, "அம்மாவை எங்களோடு அனுப்புங்க" என்று கேட்டார்கள். இருமுறையும் நான், "குழந்தைகளுக்கு விடுமுறை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றேன். அண்ணாச்சியை நான் குறை கூறியதன் வேர் எங்கிருந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று. அவருடைய பேத்திக்காக நான் கவலைப்படவில்லை. மதினி கடலுக்குப் போகலாமெனில் என் தாயாரும் போகலாமன்றோ? அந்தக் கேள்வி என் வீட்டுக்குள் வந்துவிடலாகாதென்றே அவர்கள் வாசலில் நின்று அறம் பேசினேன்.

அடுத்த ஆண்டு என்னும் சொல்

"அடுத்த ஆண்டு" என்பது நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்தினரின் மிகப் பெரிய வைப்புநிதி. அதில் எல்லாவற்றையும் போட்டு வைக்கிறோம். கடலோரம் அந்நிதியின் மதிப்பை நன்கு உணர்த்தும் இடம். அண்ணாச்சிக்கு எட்டு வயதாயிருந்தபோது, 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, புயலில் எழுந்த அலை தனுஷ்கோடியை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து சென்ற பயணியர் புகைவண்டியும் அதில் மூழ்கிற்று. அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26 காலையில், ஆழிப்பேரலை நாகையிலும் குமரிக்கரையிலும் எத்தனை குடும்பங்களை வாரிச் சென்றது என்பதை நாம் மறந்திலோம். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை அமைந்தபின் அண்ணாச்சியும் மதினியும் தனுஷ்கோடிக்குச் சென்றனர். இடிந்த தேவாலயத்தின் முன் மதினி வெகுநேரம் நின்றாராம். "இங்கேயும் ஒருத்தி அன்னைக்குச் சாயங்காலம் மறுநாளுக்கு மாவு அரைச்சு வச்சிருப்பா" என்று மட்டும் சொன்னாராம்.

கரையில் ஓய்வின்றி இருப்போர்

இங்கே நேர்மையான மறுப்பொன்று எழுகிறது. அதனை எழுப்பியவர் மதினியே. திருச்செந்தூர்க் கடற்கரையில் பனங்கிழங்கு விற்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. வயது எழுபதைக் கடந்தவர். தை மாதம் அங்கே பனங்கிழங்குக் காலம். மதினியையும் அண்ணாச்சியையும் கண்டு அவர் முதலில் கேட்ட கேள்வி, "ஏம்மா, பிள்ளைகுட்டி யாரும் இல்லையா? ரெண்டு பேருமாத் தனியா வந்திருக்கிய?" என்பதாம். பிள்ளைகள் இருக்கும்போதும் இருவர் தமக்காகவே வரக்கூடும் என்பது அவர் எண்ணத்தில் தோன்றவில்லை. மதினி அவர் பக்கத்தில் அமர்ந்து கிழங்கின் நார் உரித்துக் கொடுத்துப் பேசிப் பழகினார். அன்றிரவு மதினிக்கு உறக்கம் வரவில்லை. "அவளுக்கு என்னைவிட வயசு கூட. அவ வெயில்ல குந்தியிருக்கா. நான் காத்து வாங்குறேன். இது எந்த ஊர் நியாயம்?" என்று அண்ணாச்சியைக் கேட்டிருக்கிறார்.

இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. உப்பு விளைச்சலில் குசராத்துக்கு அடுத்தபடியாக நிற்பது தமிழ்நாடு. அதற்குப் பெருங்காரணம் தூத்துக்குடிக் கரை. அங்கே பாத்திகளைக் கட்டி மிதிப்போர்க்கும், வலை இழுப்போர்க்கும், மீன் கூடை சுமப்போர்க்கும் அறுபது வயதில் மாலை சூட்டுவோர் எவருமில்லை. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023இல்தான் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஓய்வு என்பது இன்னும் சிலருக்கே கிட்டும் பேறாக இருக்கிறது. நானும் 2004 சனவரி முதல் நாளுக்குப் பின் அரசுப் பணியில் சேர்ந்தவன்; அண்ணாச்சிக்குக் கிடைத்த பழைய ஓய்வூதியம் எனக்கு உரித்தன்று. ஆகவே இதனைப் பொறாமையின்றி எழுதுவதற்கு நான் சற்று முயல வேண்டியிருக்கிறது.

ஆயினும் ஒன்று தெளிவு. மதினி விடுதி அறையில் கதவடைத்து வருந்தியிருந்தால் அம்மூதாட்டிக்கு ஒரு நாழிகை நிழலும் கிடைத்திராது. சிலருக்கு மட்டும் ஓய்வு கிட்டுவது அநீதியென்றால், தீர்வு அச்சிலரும் ஓய்வைத் துறப்பதன்று. மற்றவர்க்கும் அது வேண்டுமென்று உணர்வதே. தான் ஓய்வை ஒருமுறை சுவைத்தபின்னரே, அடுத்தவளுக்கும் அது வேண்டுமே என்ற எண்ணம் மதினிக்கு உண்டாயிற்று. முப்பது ஆண்டுகள் அடுப்பங்கரையில் நின்றபோது இவ்வெண்ணம் அவருக்குத் தோன்றவில்லை. கரையில் அமர்ந்தபோது தோன்றிற்று. நெய்தல் நிலத்திற்கு உரிப்பொருளாக இரங்கலையும், சிறுபொழுதாகக் கதிரவன் சாயும் எற்பாட்டையும் நம் முன்னோர் வகுத்தனர். அங்கு இரங்கல் என்பது பிரிந்தவர் பொருட்டு வருந்துதல். வாழ்வின் சாயுங்காலத்தில் அக்கரையில் அமர்வோர்க்கு அது பிறர்பொருட்டு இரங்குதலாகவும் விரியக்கூடும் போலும்.

பீடமும் சிலையும்

குமரிக்கடலில் 2000 சனவரி முதல் நாள் திறந்துவைக்கப்பட்ட வள்ளுவர் சிலையை நாம் அறிவோம். 2024 டிசம்பர் இறுதியில் அதற்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே கண்ணாடிப் பாலமும் அமைந்துவிட்டது. பீடமும் சிலையும் சேர்ந்து 133 அடி. பீடம் 38 அடி. அது அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கும். அதன்மேல் நிற்கும் 95 அடிச் சிலை பொருளும் இன்பமுமாகிய எஞ்சிய அதிகாரங்களைக் குறிக்கும். அண்ணாச்சி தம் கைப்பேசியில் இதனைப் படமெடுத்து வந்து எனக்குக் காட்டினார். படத்தில் மதினி படகுத்துறையில் நின்று, வெயிலுக்குக் கையைக் கண்ணின்மேல் வைத்து, சிலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அறமும் இன்பமும் தராசின் இரு தட்டுகள் என்றும், ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்குமென்றும் நான் எண்ணியிருந்தேன். சிற்பி வேறு விதமாக எண்ணியிருக்கிறார். அறம் தாங்குகிறது; இன்பம் அதன்மேல் நிற்கிறது. 37 ஆண்டுகள் கடமையாற்றியவர், துணைவிக்குச் செலுத்த வேண்டிய கடனை எஞ்சிய நாட்களில் செலுத்துவது அறத்தின் புறத்தே நிற்கும் செயலாகுமா? பீடத்தை மட்டும் கட்டிவிட்டு அதன்மேல் எதனையும் நிறுத்தாது விட்டால் வெறும் கல்மேடையே எஞ்சும்.

ஆனால் இதற்கோர் எல்லையும் உண்டு. அதனையும் சொல்லிவிட வேண்டும். பேத்திக்குக் காய்ச்சல் கண்ட ஓராண்டில் அண்ணாச்சியும் மதினியும் எடுத்த சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பத்து நாள் தாழ்த்தியே புறப்பட்டார்கள். தேவை வந்தபோது நின்றார்கள். வசதி கேட்டபோது நிற்கவில்லை. குழந்தையின் நோய் தேவை. பெற்றோர் விடுப்பு எடுக்க மனமில்லாமை வசதி. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இல்லறத்தில் நமக்கு வேண்டிய நுண்மை என்று நினைக்கிறேன். பெரியவர்களிடம் நாம் கேட்பவற்றுள் பெரும்பகுதி தேவையின் உடையணிந்த வசதியே ஆகும்.

சென்ற மார்கழியில்

சென்ற மார்கழியில் தாயாருக்கு வண்டிச் சீட்டு எடுத்தேன். எனக்கு ஈட்டிய விடுப்பு எடுத்தேன். குழந்தைகளின் விடுமுறையில் ஒரு வாரம் நானும் ஒரு வாரம் மனைவியும் வீட்டிலிருப்பது என்று முடிவாயிற்று. தாயாரிடம் சொன்னபோது அவர் மகிழ்ந்தார் என்று எழுத ஆசைதான். உண்மையில் அவர் கலங்கினார். "நான் போயிட்டா உங்களுக்கு யாரு இருக்கா?" என்றார். தாம் இல்லாமல் வீடு நடந்துவிடுமோ என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது. விடுவிப்பு ஆணையை எழுதுவது எளிது. பெறுபவர் அதனைத் தண்டனையாகக் கருதாதபடி எழுதுவது கடினம். "இருபது நாளில் திரும்பி வந்துவிடப் போகிறாய், அம்மா. உன் இடம் உன்னுடையதே" என்று பலமுறை கூறவேண்டியிருந்தது.

முதல் வாரம் இரவுதோறும் தொலைபேசியில் அழைத்தார். சின்னவன் பால் குடித்தானா, பெரியவள் தலைக்குக் குல்லாய் அணிந்தாளா, எரிவாயு அடைத்தாயா என்றே கேட்டார். கடலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டாம் வாரம் கேள்விகள் குறைந்தன. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் அழைப்பே வரவில்லை. மறுநாள் நானே அழைத்துக் கேட்டபோது, "மணப்பாட்டுல நேரம் போனதே தெரியலைப்பா. வந்து படுத்துட்டேன்" என்றார். என் நெஞ்சில் ஏதோ ஒரு மூலையில் வலித்தது. தாய் நம்மை ஒருநாள் மறந்திருக்க முடியும் என்ற செய்தி நாற்பது வயதைக் கடந்த மகனுக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் எதைக் கொடுக்க எண்ணி அனுப்பினேனோ அதனை அவர் பெற்றுவிட்டார் என்பதற்கு அவ்வலியே சான்றாயிற்று.

திரும்பி வந்தவர் பையிலிருந்து பனங்கிழங்குக் கட்டொன்றையும் சில்லுக்கருப்பட்டிப் பொட்டலம் ஒன்றையும் எடுத்துக் குழந்தைகளிடம் கொடுத்தார். கடல் எப்படி இருந்தது என்று பேத்தி கேட்டாள். "அது ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது. நான்தான் சும்மா இருந்தேன்" என்றார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அடுப்பங்கரையில் பாத்திர ஓசை கேட்டது. நான் எழுந்து சென்று, "இன்னும் ஒரு மணி நேரம் படு, அம்மா. தேநீர் நான் போடுகிறேன்" என்றேன். அவர் என்னை ஐயத்தோடு பார்த்தார். பிறகு போய்ப் படுத்தார்.

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் என் தாயாரைப் போன்றோர் இருக்கிறார்கள். ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு, மொழி தெரியாத நகரில், நான்காம் மாடியில், நம் குழந்தைகளின் பொருட்டுக் குளிர் தாங்கி வாழ்கிறார்கள். அவர்களுடைய அன்பு பெரிது என்று மேடைகளில் பேசுகிறோம். அந்த அன்பைப் புகழ்வதைவிட அதற்கு அவ்வப்போது விடுப்பு அளிப்பதே மேலான நன்றி. எல்லாரும் குமரிக்குத்தான் அனுப்ப வேண்டுமென்பதில்லை. ஆளுக்கொரு கடல் இருக்கும். அது எதுவென அவர்களிடம் கேட்க வேண்டியது நம் பொறுப்பு. அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். பதிலாள் வரட்டும் என்றே காத்திருப்பார்கள். அப்பதிலாள் நாம்தாம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளும் நாளே அவர்களுடைய ஓய்வின் முதல் நாள்.